ஒரே மண், இரண்டு ஊசிகள்: செங்கல்பட்டு பி.சி.ஜி. சோதனையும் ஒரகடத்துக் கொரோனாவும்

2022 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம். சித்தப்பா பையன் போன் பண்ணினான். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, மத்தபடி தெளிவாத்தான் பேசினான்.

"அண்ணா, திரும்பவும் பாசிட்டிவ். 2020-ல ஒரு தடவை வந்துச்சு. நீங்க சொன்னீங்கன்னு ரெண்டு ஊசியும் போட்டேன். இப்ப மறுபடி வந்திருக்கு. அப்ப ஊசி எதுக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான். அவனுக்கு முதல் தடவை வந்தது 2020 ஆகஸ்ட்டில். அதற்கப்புறம் ஒரு வருஷம் "எனக்குத்தான் வந்துட்டுப் போயிடுச்சே, ஒடம்பே ஊசி போட்டுக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். 2021 செப்டம்பர் 12-ல் தமிழ்நாடு முழுக்க மெகா முகாம் நடந்ததே, அன்றைக்குத்தான் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் கோவிஷீல்டு போட வைத்தேன். 84 நாள் கழித்து டிசம்பரில் இரண்டாவது. ஒரு மாசம்கூட நகரவில்லை, ஒமிக்ரான் வந்துவிட்டது.

நான் மருத்துவன் இல்லை. பி.ஈ. படித்துவிட்டு இருபது வருஷமாக கோடு எழுதிக்கொண்டிருக்கிறவன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தோண்டுவது ஒரு பழக்கம், அவ்வளவுதான். அவன் கேட்ட கேள்வி ஒரு வரிக் கேள்வி. ஏற்கெனவே தொற்று வந்த உடம்பில் ஊசி என்ன செய்யும்? இதற்குப் பதில் தேடப் போனபோது, கொரோனாவுக்கு ஐம்பது வருஷம் முன்னால் இதே செங்கல்பட்டு ஜில்லாவில் நடந்த ஒரு கதையில் போய் மாட்டிக்கொண்டேன். வைரஸ் கதை இல்லை, பாக்டீரியா கதை. ஆனால் கேள்வி அதேதான்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் காஞ்சிபுரம் மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டம். செங்கல்பட்டு 2019-லிருந்து இன்னொரு தனி மாவட்டம். 1997-க்கு முன்னால் இது எல்லாமே ஒரே செங்கல்பட்டு ஜில்லா. ஏரி, நெல், வேர்க்கடலை, மண் ரோடு. உலக மருத்துவப் புத்தகங்களில் 'சிங்கிள்புட்' என்ற பெயர் நிரந்தரமாக ஏறியது அந்த ஜில்லாவால்தான்.

1968 ஜூலை. ஐ.சி.எம்.ஆர்., உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து ஒரு சோதனையைத் தொடங்கின. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி நிஜமாகவே நோயைத் தடுக்கிறதா? திருவள்ளூரை மையமாக வைத்து, அடுத்தடுத்து இருந்த 200-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளையும் சில ஊர்களையும் எடுத்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய் ஆள் கணக்கெடுத்தார்கள். பதிவானவர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல். 1971 மார்ச்சுக்குள் 2,81,161 பேருக்கு ஊசி போட்டு முடித்தார்கள். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு பி.சி.ஜி., அதிலும் இரண்டு ரகம், இரண்டு அளவு. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம். உலகத்தில் காசநோய் ஊசிக்கு அதற்கு முன்னால் இவ்வளவு பெரிய சோதனை நடந்ததில்லை.

என் மனைவியின் பாட்டிக்கு திருவள்ளூர் பக்கம் ஒரு கிராமம். "வண்டி வந்து நிக்கும், ஊரே வரிசையில நின்னு நெஞ்சுப் படம் எடுத்துக்கும்" என்று சொல்வார். என்ன ஊசி, எதற்கு என்று அவருக்குத் தெரியாது. கையில் தழும்பும் இல்லை. மூன்றில் ஒரு பங்கில் இருந்தாரோ என்னவோ.

சோதனை ஏழரை வருஷம் ஓடிய பிறகு 1979-ல் முதல் அறிக்கை வந்தது. பெரிய அதிர்ச்சி. பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் வெறும் திரவம் போட்டவர்களுக்கும் நுரையீரல் காசநோய் வருவதில் வித்தியாசமே இல்லை. சரி, அவசரப்பட வேண்டாம் என்று 15 வருஷம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் காசநோய்க் கிருமி தொற்றாதவர்கள் என்று தோல் சோதனையில் தெரிந்தவர்கள் 1,09,873 பேர். அவர்களில் 560 பேருக்கு நோய் வந்தது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு பூஜ்யம். குழந்தைகளுக்கு 27 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத 27.

இதே ஊசி பிரிட்டனில் 1950-களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டபோது முக்கால் பங்குக்கும் மேல் பாதுகாப்புக் கொடுத்திருந்தது. லண்டனில் வேலை செய்கிற ஊசி திருவள்ளூரில் ஏன் வேலை செய்யவில்லை?

ஊசி கெட்டுப்போச்சு, ரகம் சரியில்லை, இங்கே இருக்கிற காசநோய்க் கிருமி வேற மாதிரி, மறுபடி மறுபடி தொற்று வருது... பல காரணங்கள் அலசப்பட்டன. இன்றைக்கும் அலசப்படுகின்றன. அதில் இன்றுவரை நிற்கிற ஒன்று மண் சம்பந்தப்பட்டது. காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் உண்டு. மண்ணிலும் குளத்துத் தண்ணீரிலும் வாழ்கிற, பொதுவாக நோய் கொடுக்காத மைக்கோபாக்டீரியாக்கள். நம்ம ஊர் மாதிரி வெப்பமான இடங்களில் அவை எங்கும் உண்டு. சேற்றில் இறங்குகிற, ஏரித் தண்ணீர் குடிக்கிற பிள்ளைக்கு அவற்றோடு அறிமுகம் சீக்கிரமே ஆகிவிடும். சோதனைக்காரர்கள் அந்தக் கிருமிகளுக்கும் தோல் சோதனை செய்து பார்த்தார்கள். ஊர்முழுக்க, வளர்ந்த பிள்ளைகள் ஆகும்போதே, பெரும்பாலானவர்களுக்கு அந்த அறிமுகம் இருந்தது தெரிந்தது.

அமெரிக்காவில் கேரல் பாமர் என்றொரு ஆராய்ச்சியாளர் இதை முன்னமே சந்தேகப்பட்டிருந்தார். கினிப் பன்றிகளுக்கு முதலில் மண் கிருமியைக் கொடுத்து, பிறகு பி.சி.ஜி. போட்டுப் பார்த்து, 1966-ல் எழுதினார். மண் கிருமியே கொஞ்சம் பாதுகாப்புக் கொடுத்துவிடுகிறது. அதற்கு மேல் ஊசி சேர்ப்பது ரொம்பக் கொஞ்சம். அதாவது ஊசி தோற்கவில்லை, அதன் வேலையை இன்னொருவன் பாதி செய்து வைத்திருக்கிறான், அதனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னாளில் இன்னொரு விளக்கம் வந்தது. பி.சி.ஜி. உயிருள்ள கிருமி. அது தோலுக்குள் போய்க் கொஞ்சம் பெருகினால்தான் உடம்பு பாடம் கற்கும். மண் கிருமியைப் பார்த்துப் பழகிய உடம்பு, பி.சி.ஜி.யையும் 'இவன் தெரிஞ்சவன்தான்' என்று உடனே அடித்துத் துரத்திவிடுகிறது. பாடம் நடக்கும் முன்பே வாத்தியாரை வெளியே தள்ளிய கதை.

என் தொழில் பாஷையில் சொன்னால் இது கேஷ் பிரச்சினை. பழைய பதில் கேஷில் இருக்கிறது. புதுக் கேள்வி ஏறக்குறைய அதே மாதிரி இருப்பதால் சிஸ்டம் பழைய பதிலையே எடுத்து நீட்டிவிடுகிறது. புதுசாகக் கணக்குப் போடுவதில்லை.

(இங்கே ஒரு கிளைக்கதை. பி.சி.ஜி.யை எதிர்த்து 1955-ல் ராஜாஜி ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். கிண்டியில் 1948-லிருந்து பி.சி.ஜி. தயாரிப்புக்கூடம் இருக்கிறது, நாடு முழுக்க ஊசி முகாம் நடக்கிறது, முன்னாள் முதல்வரோ வேண்டாம் என்கிறார். டெல்லியில் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌருக்குப் பெரிய தலைவலி. செங்கல்பட்டு முடிவு வந்தபோது ராஜாஜி உயிரோடு இல்லை, 1972-லேயே போய்விட்டார். அவர் சொன்னது சரியாப் போச்சே என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அவருடைய காரணங்கள் வேறு. மண் கிருமியை அவர் நினைத்துப் பார்த்திருக்க வழியில்லை. பதில் பொருந்திவிட்டது என்பதற்காக வழிமுறையும் சரி என்று மார்க் போட முடியாது.)

இந்தச் சோதனையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. ஊசி போடும்போது உடம்பு வெள்ளைத்தாள் கிடையாது. அதில் ஏற்கெனவே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஊசி எழுதுவது நிற்கும், அழியும், அல்லது தடித்த எழுத்தாகும். செங்கல்பட்டில் நடந்தது அழிந்த கதை. கொரோனாவிலும் அப்படியே ஆகியிருக்கலாம். முதலில் தொற்று வந்தவர்களுக்கு ஊசி வேலை செய்யாமல் போயிருக்கலாம். சித்தப்பா பையன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. நான்தான் அப்போது பதில் தெரியாமல் கத்தினேன்.

சரி, ஐம்பது வருஷம் தாண்டி வருவோம். அதே ஜில்லா, ஆனால் ஆளே மாறிப்போன இடம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். நடுவிலும் பின்னாலும் டயர், லாரி, புல்லட், கண்ணாடி, செல்போன் என்று நூற்றுக்கணக்கான கம்பெனிகள். கம்பெனி பஸ் காலையில் திருவண்ணாமலை, விழுப்புரம் பிள்ளைகளைத் தங்கும் விடுதியிலிருந்து ஏற்றிக்கொண்டு வருகிறது. ஒரு ரூமில் ஆறு பேர், எட்டு பேர். ஷிப்டு மாறும்போது ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுப்பார். காற்றில் பரவும் வைரஸுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டுமா?

முதல் அலை முடிந்தபோது ஒரு தப்பான நிம்மதி வந்தது. சென்னை மாநகராட்சியும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்தார்கள். 2020 ஜூலையில் ஐந்தில் ஒருவருக்கு இருந்தது. அக்டோபரில் மூன்றில் ஒருவருக்கு. மாநிலம் முழுக்க எடுத்த கணக்கிலும் அக்டோபர்-நவம்பரில் ஏறக்குறைய அதே மூன்றில் ஒருவர். "பாதிப் பேருக்கு வந்துட்டுப் போயிடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ணாது" என்று டீக்கடையில் பேசினார்கள். டீக்கடையில் மட்டும் இல்லை, படித்தவர்களும் எழுதினார்கள். 2021 ஏப்ரலில் மாநிலம் இரண்டாவது சுற்று எடுத்தது. நடுவில் ஆறு மாசம் தொற்று ஓடியிருக்கிறது, எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும். குறைந்திருந்தது. உடம்பு ஆன்டிபாடியைச் சும்மா ரத்தத்தில் மிதக்க விட்டு வைத்திருக்காது. மாசங்கள் போகப் போக அளவு சோதனைக் கருவியின் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீழே இறங்கிவிடும். நினைவு செல்கள் இருக்கும், அவற்றை அந்தச் சோதனை எண்ணாது.

அதே ஏப்ரலில் டெல்டா வந்தது.

2021 மே மாசம் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். மே 10-லிருந்து ஊரடங்கு, 24-லிருந்து இன்னும் இறுக்கம். கடை கிடையாது, பஸ் கிடையாது. ஆனால் தொழிற்சாலைகளுக்கு விலக்கு. ரோட்டில் கம்பெனி பஸ் மட்டும் ஓடியது. ரெனோ-நிசான் தொழிலாளர் சங்கம் உயர் நீதிமன்றம் போனது. லைனில் இடைவெளி இல்லை, உயிருக்குப் பாதுகாப்பு இல்லை என்பது அவர்கள் வாதம். தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி அமர்வு விசாரித்தது. அசெம்பிளி லைனில் மூன்று காருக்கு ஒரு இடம் காலியாக விட வேண்டும் என்கிற அளவுக்கு விவாதம் நுணுக்கமாகப் போனது. ஹூண்டாயில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். மே கடைசி வாரம் இரண்டு ஆலைகளுமே சில நாள் மூடின. கார் தொழிற்சாலையில் கன்வேயர் நின்றால் என்ன அர்த்தம் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஊசி? மே 1-லிருந்து 18 வயசுக்கு மேல் எல்லாருக்கும் என்று அறிவித்தாகிவிட்டது, கையில் சரக்கு இல்லை. தமிழ்நாட்டில் 18-44 வயதினருக்கு முதல்வர் திருப்பூரில் மே 20-ம் தேதிதான் தொடங்கி வைத்தார். தனியார் ஆஸ்பத்திரியில் போகலாம், ஜூனில் கோவிஷீல்டுக்கு உச்சவிலை 780 ரூபாய், கோவாக்சினுக்கு 1,410. கான்ட்ராக்ட் ஆளின் ரெண்டு மூணு நாள் கூலி. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், செங்கல்பட்டுப் பக்கம் திருமணியில் மத்திய அரசின் தடுப்பூசி வளாகம் ஒன்று பல நூறு கோடி செலவில் கட்டி, ஒரு டோஸ்கூட எடுக்காமல் சும்மா கிடந்தது.

இடையில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. மே 13-ல், கோவிஷீல்டு இரண்டு டோஸுக்கும் இடையில் 12 முதல் 16 வாரம் விடச் சொன்னார்கள். அடுத்த வாரமே, தொற்று வந்து குணமானவர்கள் மூன்று மாசம் கழித்துப் போட்டுக்கொண்டால் போதும் என்றார்கள். சரக்கு இல்லாததை மறைக்கிறார்கள் என்று அப்போது நானே திட்டினேன். சரக்குத் தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் அதற்குள் ஒரு உயிரியலும் இருந்தது, அது எனக்கு அப்போது தெரியாது.

அந்த உயிரியல் தெரிய வந்தது அம்பத்தூர் பக்கத்து அயப்பாக்கத்திலிருந்து. தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து மே வரை சென்னையில் கோவாக்சின் போட்டுக்கொண்ட 114 மருத்துவப் பணியாளர்களையும் முன்களப் பணியாளர்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஊசிக்கு முன்னால் ரத்தம், முதல் டோஸுக்குப் பின்னால் ரத்தம், இரண்டாவதுக்குப் பின்னால் ரத்தம். சின்ன ஆய்வுதான். ஆனால் விடை பளிச்சென்று இருந்தது. ஏற்கெனவே தொற்று வந்தவர்களுக்கு ஒரே ஒரு டோஸ் கொடுத்த ஆன்டிபாடி, தொற்றே வராதவர்களுக்கு இரண்டு டோஸ் கொடுத்ததற்குச் சமம். உலகத்தின் மற்ற ஊர்களில் மற்ற ஊசிகளிலும் இதையேதான் பார்த்தார்கள். 'ஹைப்ரிட் இம்யூனிட்டி' என்று பெயர் வந்தது. கலப்பு எதிர்ப்பாற்றல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

செங்கல்பட்டில் முந்தைய அறிமுகம் ஊசியை விழுங்கியது. இங்கே முந்தைய அறிமுகம் ஊசியைத் தூக்கி விட்டது. ஏன் இப்படித் தலைகீழ்?

நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். தொற்று போன பிறகும் நிணநீர்க் கணுக்களில் ஒரு பட்டறை மாசக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். பி செல்கள் அங்கே தங்கள் ஆன்டிபாடியைத் திருத்தித் திருத்திப் பார்க்கின்றன. நன்றாக ஒட்டுகிறவை தங்கும், மற்றவை கழியும். இந்தப் பட்டறை முடிந்து தேறிய நினைவு செல்கள் கையில் இருக்கும்போது ஊசி வந்தால், அவை ஒரு வாரத்தில் படையாகப் பெருகும். அவசரமாக ஊசி போட்டால் பட்டறை பாதியில் இருக்கும், ரத்தத்தில் நிறைந்திருக்கும் பழைய ஆன்டிபாடி புதுச் சரக்கையும் மூடிவிடும். இடைவெளிக்கு இருந்த உயிரியல் காரணம் இதுதான். இன்னொன்று, தொற்று உடம்புக்கு வைரஸ் முழுவதையும் காட்டுகிறது, அதுவும் மூக்கில் ஆரம்பித்து. கோவிஷீல்டு முள் புரதத்தை மட்டும் காட்டுகிறது, அதுவும் தோள் சதையில். ரெண்டும் சேர்ந்தால் பாடத்திட்டம் விரிகிறது.

முக்கியமான வித்தியாசம் இது: பி.சி.ஜி. தானே உயிரோடு பெருகினால்தான் வேலை நடக்கும், பழைய எதிர்ப்பு அதைக் கொன்றுவிடுகிறது. கோவாக்சின் செத்த வைரஸ். கோவிஷீல்டு ஒரு சிம்பன்சி சளி வைரஸின் முதுகில் முள் புரதத்தின் குறிப்பை ஏற்றி அனுப்புகிறது. நம் ஆட்களுக்கு அந்தச் சிம்பன்சி வைரஸ் அந்நியம். கொரோனா வந்துபோன உடம்பும் வாசலிலேயே அதைத் துரத்துவதில்லை. அந்நிய வைரஸைத் தேடி எடுத்ததே அதற்காகத்தான்.

இவ்வளவும் படித்த பிறகு சித்தப்பா பையனின் முதல் வாதம், 'வந்துட்டுப் போயிடுச்சு, போதும்' என்பது பாதி உடைந்தது. வந்துபோனது வீண் இல்லை, ஆனால் அதற்கு மேல் ஊசி கூட்டுகிறது.

இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. "அப்ப தொற்று வந்துட்டு ஊசி போட்டாத்தான் பெஸ்ட், வரட்டுமே" என்று ஒரு வாட்ஸப் ஞானம் சுற்றியது. ஆன்டிபாடி அளவை மட்டும் பார்த்தால் அது சரிபோலத் தெரியும். ஆனால் அந்த வரைபடத்தில் புள்ளியாக இருப்பவர்கள் எல்லாரும் பிழைத்தவர்கள். முதல் பாடத்திலேயே போனவர்கள் ரத்தம் கொடுக்க வரவில்லை. ஜூன்-ஜூலை 2021-ல் மாநிலத்தின் மூன்றாவது சுற்றுக் கணக்கு 66 சதவீதம் என்று வந்தபோது, அந்த 66-ஐ எட்டிய விலை அதில் அச்சாகவில்லை.

விலையைத் தெரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த சிறந்த கணக்கு தமிழ்நாடு போலீஸ். 1,17,524 பேர். 2021 பிப்ரவரி 1 முதல் மே 14 வரை. ஊசியே போடாதவர்கள் 17,059 பேரில் 20 பேர் கொரோனாவில் இறந்தார்கள். ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேர். ஆயிரத்துக்கு 1.17, 0.21, 0.06. மரணத்தைத் தடுப்பதில் ஒரு டோஸுக்கு 82 சதவீதம், இரண்டுக்கு 95 சதவீதம் என்று கணக்குப் போட்டார்கள். ஒரே வேலை, ஒரே ரோடு, ஒரே டெல்டா. இதில் யாருக்கு முன்னமே தொற்று வந்திருந்தது என்று பிரித்துக் காட்டவில்லை. இருந்தாலும் பாடத்தை முதலில் எங்கே படிப்பது, ஊசியிலா வைரஸிடமா, என்ற கேள்விக்கு இதற்கு மேல் எனக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. ஒரகடத்தில் அந்த மே மாசம் லைனில் நின்றவர்களில் பலருக்கு அந்த வரிசையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. பிறந்த வருஷம், பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா, எந்த வாரம் சரக்கு வந்தது என்பதெல்லாம் சேர்ந்து அதை முடிவு செய்தன.

இப்போது அவன் ஜனவரிக் கேள்விக்கு வருகிறேன். ரெண்டும் இருந்தும் ஏன் மறுபடி வந்தது?

2023-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து ஒரு பெரிய தொகுப்பு வந்தது. ஒமிக்ரான் காலத்துக் கணக்கு. தொற்றோடு ஊசியும் சேர்ந்தவர்களுக்கு ஒரு வருஷம் கழித்தும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலைக்கு எதிரான பாதுகாப்பு 97 சதவீதம். வெறும் தொற்று மட்டும் வந்தவர்களுக்கு அது 75 சதவீதம். ஆனால் மறுபடி தொற்றே வராமல் இருக்க? சேர்ந்தவர்களுக்கு 42 சதவீதம்தான். வெறும் தொற்றுக்கு 25.

ரெண்டும் வேற வேற கேள்வி என்று இதில் புரிந்தது. வைரஸ் மூக்கில் ஏறாமல் தடுக்க, அந்த நிமிஷம் அங்கே ஆன்டிபாடி நின்றாக வேண்டும். அது சில மாசத்தில் வடிந்துவிடும், ஒமிக்ரானோ முகத்தையே மாற்றிக்கொண்டு வந்தது. நுரையீரலுக்குப் போகாமல் தடுக்க நினைவு செல்கள் எழுந்து வர இரண்டு மூன்று நாள் அவகாசம் இருக்கிறது. டி செல்களோ வைரஸின் மாறாத பகுதிகளையும் அடையாளம் வைத்திருக்கின்றன. 42 சதவீதம் சேர்ந்து ஓட்டிய வண்டியில் அவன் மீதி 58-ல் இருந்தான். 97-க்குள் இருந்ததால்தான் போனில் தெளிவாகப் பேசினான். 2020-ல் அவன் பேசக்கூட முடியாமல் பத்து நாள் கிடந்ததை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். "ஆமாண்ணா, அப்ப வாசனைகூட ரெண்டு மாசம் இல்ல" என்றான்.

'கேஷ்' பிரச்சினை கொரோனாவிலும் இல்லாமல் இல்லை. முதலில் பார்த்த வூஹான் முகத்தையே உடம்பு நினைவில் வைத்துக்கொண்டு, ஒமிக்ரானைப் பார்த்தாலும் பழைய ஆன்டிபாடியையே முதலில் எடுத்து வீசுகிறது. இதுவும் ஆய்வுகளில் தெரிந்ததுதான். செங்கல்பட்டு அளவுக்கு அது ஊசியைக் கவிழ்க்கவில்லை, அவ்வளவுதான்.

கவிழ்த்த இன்னொரு இடம் உண்டு, அது நமக்கு நாளைக்குத் தேவைப்படும் விஷயம். டெங்கு. பிலிப்பைன்ஸில் 2016-ல் டெங்வாக்சியா என்ற ஊசியை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். 2017 நவம்பரில் கம்பெனியே அறிவித்தது: முன்னால் டெங்கு வந்த பிள்ளைகளுக்கு ஊசி நல்லது செய்கிறது, வராத பிள்ளைகளுக்குப் பின்னால் டெங்கு வந்தால் இன்னும் கடுமையாகலாம். டெங்குவில் நாலு வகை. ஒன்றுக்கு உருவான அரைகுறை ஆன்டிபாடி இன்னொன்றுக்கு உள்ளே போக வழிவிடும். வராத பிள்ளைக்கு ஊசியே முதல் டெங்கு மாதிரி ஆகிவிட்டது. அதன் பிறகு, ரத்தம் சோதித்து, ஏற்கெனவே வந்தவர்களுக்கு மட்டும் போடச் சொன்னது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் வேறொரு டெங்கு ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024-ல் தொடங்கியிருக்கிறது. அதன் முடிவு வரும்போது நான் முதலில் தேடப்போவது, முன்னால் வராதவர்கள் பத்தியில் என்ன எண் இருக்கிறது என்பதைத்தான்.

பி.சி.ஜி. என்ன ஆனது? நிறுத்தவில்லை. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் காசநோயை, உடம்பெங்கும் பரவும் காசநோயை அது தடுக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டின. அதனால் பிறந்தவுடன் போடுகிறார்கள். 2020 ஜூலையில், முதியவர்களுக்கு பி.சி.ஜி. போட்டால் கொரோனா கடுமை குறையுமா என்று சென்னையில் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு ஆய்வு தொடங்கியது. செங்கல்பட்டுச் சோதனையைப் பின்னாளில் ஏற்று நடத்திய அதே நிறுவனம். பல நாட்டு மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த வேறொரு பெரிய சோதனையில் பி.சி.ஜி. கொரோனாவைக் குறைக்கவில்லை என்று 2023-ல் எழுதினார்கள்.

போன வருஷம் சித்தப்பா பையனுக்குப் பெண் குழந்தை. பிறந்த மறுநாளே தோளில் பி.சி.ஜி. போட்டுவிட்டார்கள் என்று போன் பண்ணினான். "ஒரு நாள் குழந்தைக்கு என்னண்ணா அவசரம்?" என்றான். அவ இன்னும் மண்ணுல கால் வைக்கலடா, அதுக்குள்ள போடணும் என்றேன். ஒரு மாசம் கழித்து அந்த இடம் சின்னதாகப் புண்ணாகும், மருந்து எதுவும் தடவாதே, தானே ஆறும் என்பதையும் சொல்லி வைத்தேன்.